வெறுங்கயிற்றில் ஒரு புடவை

ஆடி மாதத்தில் சென்னையை அடுத்த பொத்தேரிப் பக்கம் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறி நின்று பாருங்கள். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலையின் புழுதி, இன்னொரு பக்கம் மின்சார ரயிலின் இரைச்சல், நடுவே மாடிக்கு மாடி துணிக்கொடி. கொடி வெறுமனே இருக்கும்போது எவ்வளவு காற்று அடித்தாலும் அது லேசாக அதிர்வதோடு சரி. அதே கயிற்றில் ஒரு புடவையைக் காயப் போடுங்கள். புடவை உப்பும், கயிறு வில்லாக வளையும், கயிற்றைக் கட்டிய கம்பம் சாயும். எங்கள் வீட்டுக் கம்பம் ஒருமுறை அடியோடு பெயர்ந்து தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்தது. காற்றும் அதேதான், கயிறும் அதேதான். புடவை வந்த பிறகுதான் காற்றுக்குப் பிடித்துத் தள்ள ஓர் இடம் கிடைத்தது.

சரி, புடவையே போடாமல், அந்த வெறுங்கயிற்றைப் புடவை மாதிரி நடந்துகொள்ள வைக்க முடியுமா? மாடியில் முடியாது. விண்வெளியில் முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் பின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தின் பெக்கா யான்ஹுனன். 2004-ல் அவர் கட்டுரை வெளிவந்தது. அவர் சொன்ன கருவியை இங்கே மின்பாய் என்று அழைப்போம். மயிரிழையைவிட மெல்லிய கம்பிகள், சூரியனிலிருந்து வீசும் காற்று, கொஞ்சம் மின்சாரம். எரிபொருள் கிடையாது.

முதலில், எரிபொருள் இல்லாமல் ஓட வேண்டிய கட்டாயம் என்ன என்று பார்த்துவிடலாம்.

ஏரி நடுவே பரிசலில் இருக்கிறீர்கள், துடுப்பு இல்லை. கூடவே ஒரு மூட்டை தேங்காய் இருக்கிறது. ஒரு தேங்காயை எடுத்துப் பின்பக்கமாக வேகமாக எறிந்தால் பரிசல் கொஞ்சம் முன்னே நகரும். இன்னொன்று எறிந்தால் இன்னும் கொஞ்சம். ராக்கெட் செய்வதும் இதைத்தான்; தேங்காய்க்குப் பதில் சூடான வாயுவைப் பின்னே எறிகிறது. ஆனால் தூரம் அதிகமானால் தேங்காயும் அதிகம் வேண்டும். தேங்காய் அதிகமானால் பரிசல் கனக்கும். கனத்த பரிசலை நகர்த்த இன்னும் தேங்காய் வேண்டும். 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய மங்கள்யானின் எடை 1,337 கிலோ. அதில் 852 கிலோ எரிபொருள். அதாவது செவ்வாய்க்குப் போன பரிசலில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு தேங்காய்தான். இருப்பது தீர்ந்துவிட்டால், கேமரா நன்றாக இருந்தாலும் கலத்தைத் திருப்ப வழியில்லை.

ஆகவே, எறிய எதையும் சுமக்காமல், வெளியே ஏற்கெனவே வீசிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் என்ன? அங்கே வீசுவது சூரியக் காற்று.

இதைப் புரிந்துகொள்ள இட்லிப் பானை போதும். அடுப்பு எரிகிறது, மூடி இருக்கிறது. ஆனாலும் மூடியின் விளிம்பு வழியாக ஆவி வந்துகொண்டேதான் இருக்கிறது. சூரியனின் வெளி வளிமண்டலம் 10 லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. மூடி என்பது சூரியனின் ஈர்ப்பு விசை. அவ்வளவு கொதிப்பை அந்த மூடியால் முழுக்க அடக்க முடிவதில்லை. ஆகவே எல்லாத் திசையிலும் ஆவி கசிகிறது, வினாடிக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல். சூரியனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இந்தக் கசிவை 1958-ல் கணக்கில் பிடித்தவர் சிகாகோவில் இருந்த யூஜீன் பார்க்கர். அவர் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையை மதிப்பிட்ட இருவரும் 'இது சரிவராது' என்று தள்ளிவிட்டார்கள். அந்த இதழின் ஆசிரியர் நம் சந்திரசேகர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த, பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய அதே சுப்ரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்தில் பெரிய நம்பிக்கை இல்லையாம். ஆனால் கணக்கில் பிழை எதையும் யாரும் காட்டவில்லை. ஆகவே அச்சுக்கு அனுப்பினார். 1962-ல் வெள்ளிக்குப் போகும் வழியில் மாரினர்-2 கலம் அந்தக் காற்றுக்குள்ளேயே பயணம் செய்து, பார்க்கர் சொன்னது சரி என்று காட்டியது. பிடிக்காத கருத்தையும் பிழை இல்லை என்பதற்காக அச்சிட்ட ஆசிரியர் என்ற வகையில் சந்திரசேகர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இன்று அந்தக் காற்றை அளக்க நம்முடைய கருவியே அங்கே இருக்கிறது. 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தை அடைந்தது. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி அது சுற்றிக்கொண்டிருக்கிறது. திட்ட இயக்குநர் செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி. அகமதாபாத்தில் செய்த ஒரு கருவியும் திருவனந்தபுரத்தில் செய்த ஒரு கருவியும், ஈர விரலை நீட்டிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பது மாதிரி, வரும் துகள்களை அங்கே எண்ணுகின்றன.

எண்ணினால் என்ன கிடைக்கும்? பூமிக்கு அருகே ஒரு கன சென்டிமீட்டரில், அதாவது ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில், ஐந்தாறு துகள்கள். அவ்வளவுதான். நாம் மூச்சிழுக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அது காற்றே இல்லை, வெற்றிடம். ஆனால் வேகத்தைப் பாருங்கள்: வினாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். பொத்தேரியில் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏறக்குறைய மதுரை. சூரியனிலிருந்து பூமிக்கு வர நாலு நாளுக்குக் கொஞ்சம் மேல். கூட்டம் குறைவு, ஓட்டம் அதிகம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சூரிய ஒளியும் தள்ளும், சூரியக் காற்றும் தள்ளும், இரண்டும் வேறு. ஒளியின் தள்ளல், காற்றின் தள்ளலைவிடச் சில ஆயிரம் மடங்கு அதிகம். ஆகவே 'ஒளியையே பிடிக்கலாமே' என்று கேட்பது நியாயம். பிடித்தும் இருக்கிறார்கள், 2010-ல் ஜப்பானின் இகாரோஸ் ஒரு பளபளப்பான மெல்லிய பாயை விரித்து ஒளியிலேயே ஓடியது. ஆனால் அதற்கு நிஜப் புடவை வேண்டும். அதை மடித்துக் கொண்டுபோய்ச் சுருக்கமில்லாமல் விரிக்க வேண்டும். இதில் நமக்கே ஓர் அனுபவம் உண்டு. 1982 ஏப்ரலில் போன இன்சாட்-1ஏ துணைக்கோளில் சூரியத் தகடு ஒரு பக்கம் மட்டும் இருந்தது. ஒளி அதைத் தள்ளிக் கலத்தைத் திருப்பிவிடாமல் இருக்க, தராசின் மறுதட்டில் எடைக்கல் வைப்பது மாதிரி, மறுபக்கம் சின்னதாக ஒரு பாய் வைத்திருந்தார்கள். அந்தப் பாய் விரியவில்லை. கலத்தை நேராக நிறுத்தவே எரிபொருளைச் செலவழிக்க வேண்டியதாகி, அது தீர்ந்ததும் துணைக்கோளைக் கைவிட்டார்கள்.

ஒளியைத் தடுக்கத் துணி வேண்டும், வேறு வழியில்லை. காற்றை மட்டும்தான் துணி இல்லாமலும் தடுக்க முடியும். ஏனென்றால் சூரியக் காற்றின் துகள்கள் மின்னூட்டம் பெற்றவை. மின்பாயின் சூட்சுமம் முழுக்க இந்த ஓர் இடத்தில்தான்.

அந்தக் காற்றில் முக்கியமாக இரண்டு வகைத் துகள் உண்டு: புரோட்டான், எலக்ட்ரான். புரோட்டான் நேர்மின், எலக்ட்ரான் எதிர்மின். எடையில் புரோட்டான் சுமார் 1,836 மடங்கு கனம். ஒன்று கொட்டைப்பாக்கு என்றால் மற்றது கடுகு. இரண்டும் ஒரே வேகத்தில் வந்து முகத்தில் அடித்தால் எது வலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே நம் குறி பாக்குதான், கடுகு இல்லை.

இப்போது ஒரு கம்பியை எடுங்கள். அலுமினியம், 25 முதல் 50 மைக்ரான் தடிமன், தலைமுடியைவிட மெல்லியது. அதை விண்கலத்திலிருந்து வெளியே நீட்டி, 20 ஆயிரம் வோல்ட் நேர்மின் அழுத்தம் கொடுங்கள். பயப்பட வேண்டாம், பொத்தேரி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்கும்போது நம் தலைக்கு மேல் போகும் ரயில் கம்பியில் ஓடுவது 25 ஆயிரம் வோல்ட். தினமும் அதற்குக் கீழே நின்று சுண்டல் சாப்பிடுகிறோம்.

பிறகு என்ன நடக்கும்? புரோட்டானும் நேர்மின், கம்பியும் நேர்மின். ஆகவே கம்பியை நோக்கி வரும் புரோட்டானுக்கு எதிரே ஒரு மேடு எழும்பி நிற்பது போல ஆகிறது. சைக்கிளை மிதிக்காமல் வந்த வேகத்திலேயே ஏரிக்கரை மேல் ஏறப் பார்ப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் புரோட்டானால் ஆயிரம் வோல்ட் மேட்டைக்கூட ஏற முடியாது. கம்பியின் உச்சியோ 20 ஆயிரம். ஆகவே அது கம்பியைத் தொடாமலேயே வழி திரும்பி ஓடுகிறது. கோலியால் கோலியை அடித்தால் இரண்டும் நகர்வது மாதிரி, புரோட்டானைத் திருப்பிய கம்பியும் பதிலுக்கு ஒரு தள்ளல் வாங்கிக்கொள்கிறது. அது கம்பி வழியாகக் கலத்துக்குப் போகிறது.

அந்த மேடு எவ்வளவு தூரம் பரவியிருக்கும்? நூறு மீட்டர் என்ற கணக்கில். கம்பியின் தடிமனோ ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. அதாவது கம்பி தன்னைவிட 40 லட்சம் மடங்கு அகலமான ஒரு புடவையைக் கட்டியிருக்கிறது, அந்தப் புடவை கண்ணுக்குத் தெரியாது, எடையும் கிடையாது. உங்கள் வீட்டுக் கொடிக்கயிறு 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால், அதே கணக்கில் அதன்மேல் 20 கிலோமீட்டர் அகலப் புடவை காய வேண்டும். பொத்தேரியில் ஒரு தலைப்பைப் பிடித்தால் மறுதலைப்பு தாம்பரத்தைத் தாண்டிப் போய் விழும்.

சரி, கடுகு என்ன ஆயிற்று? எலக்ட்ரான்கள் எதிர்மின். நேர்மின் கம்பியைக் கண்டால் விடாது. மழை விட்ட சாயங்காலம் டியூப்லைட்டைச் சுற்றி மொய்க்கும் ஈசலைப் போல ஓடி வந்து கம்பியில் விழும். விழ விழக் கம்பியின் நேர்மின் குறையும், மேடு தாழும், புடவை சுருங்கும். ஆகவே ஒருவர் துடைப்பத்தோடு நின்று ஈசலைக் கூட்டி வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் துடைப்பத்துக்கு எலக்ட்ரான் துப்பாக்கி என்று பெயர். உள்ளே வந்த எலக்ட்ரானையெல்லாம் அது திரும்ப வெளியே எறிகிறது. வந்ததைத்தான் எறிகிறது என்பதால் கையிருப்பு எதுவும் தீராது. இதற்கு மின்சாரம் மட்டும் வேண்டும்; பெரிய கலத்துக்கே சில நூறு வாட் போதும் என்பது யான்ஹுனன் கணக்கு. நம் வீட்டு மிக்ஸி இழுக்கும் அளவுதான். சூரியத் தகட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, கம்பியை எப்படி விறைப்பாக நிறுத்துவது? கழி கட்டினால் கனம். ஆகவே திருவிழாவில் குடை ராட்டினம் செய்வதைச் செய்கிறார்கள். ராட்டினம் நிற்கும்போது சங்கிலிகள் தொங்கும்; சுற்ற ஆரம்பித்ததும் நாற்காலியோடு வெளியே விரிந்து பறக்கும். அதே மாதிரி கலம் மெதுவாகச் சுற்றும், கம்பிகள் நாலாபக்கமும் விறைத்து நிற்கும். முழு அளவு வடிவமைப்பில் 100 கம்பிகள், ஒவ்வொன்றும் 20 கிலோமீட்டர் நீளம்.

அவ்வளவு மெல்லிய கம்பியை விண்வெளித் தூசி ஒன்று வெட்டிவிட்டால்? இதற்கு விடை கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவிடம் இருக்கிறது. அவர் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு முடிச்சுப் போடுகிறார். நடுவில் ஒரு பூ உதிர்ந்தாலும் சரம் சிந்தாது. மின்பாயின் கம்பியும் தனிக்கம்பி இல்லை. சில இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, வழியெங்கும் சிறு இடைவெளிகளில் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். ஓர் இழை அறுந்தால் பக்கத்து இழை அடுத்த முடிச்சு வரை தாங்கும். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு கிலோமீட்டர் கம்பி செய்து காட்டினார்கள். அதன் எடை 10 கிராம் அளவு. அந்தக் கணக்கில் 2,000 கிலோமீட்டர் கம்பியும் சேர்ந்து 20 கிலோ. ரேஷன் கடையில் தூக்கி வரும் மாத அரிசி.

இவ்வளவும் செய்தால் கிடைக்கும் தள்ளல் எவ்வளவு? பூமி இருக்கும் தூரத்தில் ஒரு நியூட்டன். உள்ளங்கையில் ஒரு தக்காளியை வைத்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இந்தக் காற்றில் தரையில் கிடக்கும் அம்மி இம்மியும் அசையாது.

ஆனால் விண்வெளியில் உராய்வு இல்லை, தள்ளலும் நிற்பதில்லை. ஒரு டன் எடையுள்ள கலத்தைத் தக்காளி அழுத்தம் ஒரு நாள் முழுக்கத் தள்ளினால், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடிவிடும். அடுத்த நாள் இன்னொரு 300. அதே தள்ளல் ஒரு வருடம் தொடர்ந்தால் வினாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். 1977-ல் கிளம்பிய வாயேஜர்-1 இன்று போகும் வேகம் வினாடிக்கு 17 கிலோமீட்டர்தான். சூரியக் காற்று போய் முட்டி நிற்கும் எல்லையை வாயேஜர் தாண்ட 35 ஆண்டு ஆயிற்று. மின்பாய் கட்டினால் சுமார் 10 ஆண்டுகளில் அங்கே போகலாம் என்று நாசாவின் மார்ஷல் மையத்தில் கணக்கிட்டார்கள்.

'சூரியனை விட்டுத் தள்ளிப் போகப் போகக் காற்று நீர்த்துப்போகுமே?' என்று நீங்கள் கேட்கலாம். நீர்க்கத்தான் செய்யும். தூரம் இரண்டு மடங்கானால் காற்று நாலில் ஒரு பங்கு. ஆனால் இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. காற்று நீர்த்தால் கம்பியை மொய்த்து மறைக்கும் எலக்ட்ரான்களும் குறையும். ஆகவே கம்பியின் மேடு இன்னும் தொலைவுக்குப் பரவும், புடவை தானாகவே இரண்டு மடங்கு அகலமாகும். மோர் நாலில் ஒரு பங்காக நீர்த்துவிட்டது, ஆனால் மொள்ளும் கரண்டி இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. ஆகவே கிடைக்கும் மோர் பாதியாகத்தான் குறைகிறது, கால்வாசியாக இல்லை. துணிப்பாய்க்கு இந்தச் சலுகை கிடையாது.

திருப்புவது சுலபம். முறத்தைச் சாய்த்தால் தவிடு வேறு பக்கம் போவது மாதிரி, சுற்றும் கம்பி வட்டத்தைச் சாய்த்தால் தள்ளலும் பக்கவாட்டில் விழும். ஒரு பக்கக் கம்பிகளுக்கு வோல்டைக் கூட்டி, மறுபக்கம் குறைத்தால் வட்டம் சாயும். சூரியனைச் சுற்றும் ஓட்டத்துக்கு எதிராகத் தள்ளல் விழும்படி சாய்த்தால் வேகம் குறைந்து கலம் சூரியனை நோக்கி உள்ளே இறங்கவும் செய்யும். எதிர்க்காற்றை வைத்துக்கொண்டே காற்று வரும் திசைக்குப் போகலாம்.

எல்லாம் சரி, எங்கே ஓடுகிறது இந்த வண்டி? இன்னும் எங்கேயும் ஓடவில்லை.

முதல் சிக்கல், நம் வீட்டுக்கு உயரமான கைப்பிடிச்சுவர் இருக்கிறது. பூமியின் காந்தப்புலம் சூரியக் காற்றைச் சுமார் 60 ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலேயே தடுத்து ஒதுக்கிவிடுகிறது. மலிவாக அனுப்பக்கூடிய சின்னத் துணைக்கோள்களெல்லாம் சுவருக்கு உள்ளேயே, சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கே சூரியக் காற்று வராது. ஆனால் மெல்லிய மின்னூட்டத் துகள்கள் தேங்கிக் கிடக்கின்றன; கலம்தான் வினாடிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் அவற்றுக்குள் ஓடுகிறது. நம் பரிசல் ஓடும்போது கையைத் தண்ணீரில் தொங்கவிட்டால் வேகம் குறையுமே, அதுபோல ஒரு கம்பியைத் தொங்கவிட்டால் பிரேக் பிடித்து, கலம் மெல்லக் கீழே இறங்கும். பாயாக இல்லாவிட்டாலும் பிரேக்காகவாவது சோதிக்கலாம். இந்தப் பிரேக்கில் கம்பிக்கு எதிர்மின் கொடுக்கிறார்கள். ஈசலுக்குப் பிடிக்காத விளக்கு, துடைப்ப வேலை மிச்சம்.

இரண்டாவது சிக்கல் நூல்கண்டு. பட்டம் விட்டவர்களுக்குத் தெரியும். சிக்கில்லாமல் சுற்றிய நூல்கூட அவசரத்தில் எங்கோ மாட்டிக்கொள்ளும். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழக மாணவர்கள் 2013 மே மாதம் அனுப்பிய எஸ்ட்கியூப்-1 என்ற ஒரு கிலோ கலத்தில் இருந்தது 10 மீட்டர் கம்பி. கண்டு சுழலவே இல்லை. அடுத்து பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மாணவர்கள் செய்த ஆல்டோ-1. அது கிளம்பியது நமக்கு வடக்கே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, 2017 ஜூன் 23 அன்று, பி.எஸ்.எல்.வி. சி-38 ராக்கெட்டில். கன்னியாகுமரி மாவட்டம் குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியூசாட்டும் அதே வண்டியில்தான் போனது. ஆல்டோ-1-ன் 100 மீட்டர் கம்பியும் வெளியே வரவில்லை. 2023 அக்டோபரில் எஸ்ட்கியூப்-2 போனது. அது ராக்கெட்டை விட்டே பிரியவில்லை. பாக்கையும் கடுகையும் பிரித்த கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. வேலை நிற்பது ஒரு நூல்கண்டில். எனக்கு இதில் வருத்தத்தைவிடச் சிரிப்புத்தான் அதிகம்.

பிரேக் என்றதும் பொத்தேரிக்குத் திரும்பியாக வேண்டும். ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக வளாகத்தின் மாணவர்கள், 11 கிலோவுக்கும் குறைவான எஸ்.ஆர்.எம்.சாட் என்ற துணைக்கோளைச் செய்தார்கள். வளிமண்டலத்தின் பசுமைக்குடில் வாயுக்களை ஆராய்வது அதன் வேலை. 2011 அக்டோபர் 12 அன்று பி.எஸ்.எல்.வி. சி-18 அதைச் சுமார் 860 கிலோமீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விட்டது. அந்த உயரத்தில் காற்று இல்லை என்றே சொல்லலாம். வேலை முடிந்த சின்னப் பெட்டி தானாக இறங்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அதே ராக்கெட்டில் போன பெரிய துணைக்கோள் மேகா-டிராபிக்ஸ். வேலை முடிந்ததும் அதில் மிச்சமிருந்த நூற்றுச் சொச்சம் கிலோ எரிபொருளை வைத்துப் படிப்படியாகத் தாழ்த்தி, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடல் மேல் எரிந்துபோக வைத்தது இஸ்ரோ. பக்கத்து இருக்கையில் போன பொத்தேரிப் பெட்டியிடம் எரிபொருளும் இல்லை, ஒரு கண்டு நூலும் இல்லை.